குளிர் அறையில் நாற்பதாயிரம், காட்டில் நாலைந்து

2013-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சாஸ், லூசியானா பக்கத்துச் சோளக்காடுகளில் ஓர் அசுவினி தென்பட்டது. புதுப் பூச்சி அல்ல. கரும்பு அசுவினி என்று பெயர். அங்கே கரும்பில் பல வருடங்களாக இருந்துகொண்டிருந்ததுதான். கரும்போடு நின்றவரை அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வருடம் அதன் ஒரு புது வார்ப்பு சோளத்தில் இறங்கியது. இலையின் அடிப்பக்கத்தில் அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சியது. அது கழிக்கும் தேன்பிசின் கீழ் இலைகளில் படிந்து, அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து, பயிர் அப்படியே சுருண்டது. தப்பிய கதிரை அறுக்கப் போன எந்திரங்களும் பிசினில் அடைத்துக்கொண்டு நின்றன. முதல் வருடம் 4 மாநிலங்கள். 2015-க்குள் 17.

இந்த அசுவினிக்கு ஆண் துணை தேவையில்லை. பெண்ணே பெண்ணை ஈனும். ஈன்ற குட்டி சில நாட்களில் தானும் ஈனத் தொடங்கிவிடும். அமெரிக்காவில் பரவியவற்றின் மரபணுவைப் பார்த்தபோது, பெரும்பாலும் எல்லாமே ஒரே வார்ப்பாக இருந்தன. ஒரே பூச்சியின் கோடிக்கணக்கான படிகள், பெயரளவில் பல இரகமாக விற்கப்பட்டும் உள்ளே பெரிதாக மாறுபடாத ஒரு பயிரைத் தின்றுகொண்டு போயின.

அதே பூச்சி கடல் தாண்டி ஹைத்திக்குப் போனது. டெக்சாஸில் சோளம் மாட்டுத் தீவனம், எத்தனால் ஆலைச் சரக்கு. ஹைத்தியில் அது ஏழைகளின் சோறு. மருந்தடிக்கக் காசில்லாத சிறு விவசாயிகளின் பயிர் மொத்தமாகப் போனது. ஆனால் அங்கே ஒரு பயிர்ப்பெருக்கத் திட்டம் பல நாட்டு விதைகளைக் கலந்து வைத்து வேலை செய்துகொண்டிருந்தது. அந்தக் கலப்பில் சில வரிசைகள் மட்டும், சுற்றிலும் எல்லாம் கருகிக் கிடக்க, பச்சையாக நின்றன. காரணத்தைத் தேடியவர்கள் 296 ஹைத்தி வரிசைகளை உலகெங்கும் இருந்து திரட்டிய 767 மாதிரிகளோடு ஒப்பிட்டார்கள். முடிவு 2022-இல் வெளியானது. காப்பாற்றியது ஒரே ஒரு மரபணு வடிவம். மரபணுத் தொகுதியில் அது அமர்ந்திருக்கும் இடத்துக்கு ஆர்எம்இஎஸ்1 என்று பெயர். உலகச் சோளத்தில் மிக அரிதான அந்த வடிவம் கிழக்கு ஆப்பிரிக்காவில் தோன்றி, அரை நூற்றாண்டுக்கும் மேலாக நாடுகளுக்கிடையே நடந்த விதைப் பரிமாற்றத்தில் கைமாறிக் கைமாறி ஹைத்திக்கு வந்து சேர்ந்திருந்தது.

இதை வெற்றிக் கதையாகச் சொல்கிறார்கள். வெற்றிதான். ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. அசுவினியைத் தாங்கும் இரகங்களை வைத்திருந்த 8 தனித்தனிப் பயிர்ப்பெருக்கத் திட்டங்களின் விதைகளைச் சோதித்தபோது, அவற்றிலும் இதே மரபணு வடிவமே எதிர்ப்பைக் காட்டிக்கொடுத்தது. அரசு, தனியார் என்று எட்டு வீட்டுக்கும் ஒரே பூட்டு. அந்தப் பூட்டைத் திறக்கக் கற்ற ஒரு அசுவினி வார்ப்பு பிறந்தால் எட்டும் ஒரே பருவத்தில் திறக்கும். பூச்சி அப்படிக் கற்காது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. சோளத்திலேயே, பச்சை அசுவினி எனப்படும் இன்னொரு பூச்சி 1968 முதல் ஒன்றன்பின் ஒன்றாகப் புது வார்ப்பு எடுத்து, எதிர்ப்பு இரகங்களை உடைத்துக் காட்டியிருக்கிறது.

இனி நம் பக்கம் வருவோம்.

தமிழ்நாட்டில் சுமார் 4 லட்சம் ஹெக்டேரில் சோளம் இருக்கிறது. கொங்குச் சீமையில் பெரும்பகுதி தட்டுக்காகவே விதைப்பது. கரிசலில் மணிக்கும் தட்டுக்கும் சேர்த்து. மாடு வைத்திருப்பவர் விதைக்கடையில் போய் மறுதாம்புத் தீவனச் சோளம் என்று கேட்டால் கையில் வருவது பெரும்பாலும் கோ.எஃப்.எஸ்.29, அல்லது கோ.31. முதலாவது 2001-இல் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்டது. டி.என்.எஸ்.30 என்ற சோளத்தையும் சூடான் புல்லையும் சேர்த்து எடுத்த வாரிசு. 65-ஆம் நாள் முதல் வெட்டு, பிறகு 50 நாளைக்கு ஒரு வெட்டு, வருடத்துக்கு ஹெக்டேருக்கு 170 டன் பசுந்தீவனம். உழைப்பாளி இரகம், சந்தேகமில்லை. ஒரு குறை இருந்தது: சூடான் புல்லின் வழியாக வந்த குணம், மணி முற்றினால் உதிர்ந்துவிடும்; விதை எடுப்பது கடினம். அதைச் சரிசெய்யக் காமாக் கதிர் பாய்ச்சி, விதை உதிராத மாற்றுருவைத் தேர்ந்து 2014-இல் வெளியிட்டார்கள். அதுதான் கோ.31. எந்த இரகத்தில் கதிர் பாய்ச்சினார்கள்? கோ.எஃப்.எஸ்.29-இல்தான். ஆக, ஒன்று பிடிக்கவில்லை என்று மாற்றி விதைக்கிறவர் மாற்றுவது பெயரையும் ஓரிரு குணத்தையும் மட்டும், இரத்தம் அதேதான். ஒரு நோய் முன்னதை வீழ்த்தினால் பின்னது நின்றுகொண்டிருக்கக் காரணம் எதுவும் இல்லை.

சோளத்தை விட்டுவிட்டுக் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லுக்குப் போனவர் கதை இன்னும் இறுக்கமானது. கோ.4, கோ.5, 'சூப்பர் நேப்பியர்' எல்லாம் கரணை வெட்டி நடுவது. கரணை என்றால் ஒரே செடியின் துண்டு. ஒரு மாவட்டத்தில் உள்ள அத்தனை கோ.4 புல்லும் மரபணு வழியில் ஒரே செடி. கென்யாவின் மேற்குப் பகுதியில் தத்துப்பூச்சி பரப்பும் குட்டை நோய் நேப்பியரைப் பிடித்தபோது, ஒன்றிரண்டு மாட்டைக் கட்டிவைத்துப் பால் கறந்து பிழைத்த குடும்பங்கள்தான் முதலில் அடிபட்டன. தூர் மஞ்சளாகி, குட்டையாகி, வெட்ட வெட்டத் தளிர் வராமல் போனது. நோயுள்ள கரணையை அக்கம்பக்கம் கொடுத்து வாங்கியே ஊருக்கு ஊர் பரப்பவும் செய்தார்கள். கரணையை நாமும் அப்படித்தான் கொடுத்து வாங்குகிறோம்.

சோளம் அடிப்படையில் ஏழைப் பயிர் அல்ல. மரபு வளத்தில் பெரும் பணக்காரப் பயிர். கிழக்குச் சூடானில் 5,000 வருடங்களுக்கு முன்பே மனிதன் அதைப் பழக்கிவிட்டான். அங்கிருந்து ஆப்பிரிக்கா முழுக்கப் பரவியது. ஏறக்குறைய 4,000 வருடங்களுக்கு முன் இந்தியாவுக்கு வந்தது. போன இடத்து மழை, மண், நோய், பறவை, மனிதரின் நாக்கு, மாட்டின் வாய் எல்லாவற்றுக்கும் ஏற்ப உருமாறியது. 1936-இல் கியூ தோட்டத்து ஸ்னோடன் உலகச் சோளங்களைத் தரம்பிரித்தபோது 31 இனம், 157 வகை, 571 உருவம் என்று எண்ணினார். பிறகு 1972-இல் தாவரவியலாளர்கள் ஹார்லனும் டிவெட்டும் அத்தனையையும் ஐந்தே அடிப்படைக் குலங்களாகவும் அவற்றின் கலப்புகளாகவும் சுருக்கினார்கள். நிர்வாகத்துக்கு அது வசதி. ஸ்னோடன் காலத்து இலத்தீன் பெயர்களில் 'இருங்கு' உண்டு, 'கோயம்புத்தூர்' உண்டு. நம் ஊர்ச் சோளங்கள் உலகக் கணக்கில் தனித்து எண்ணப்படும் அளவு வேறுபட்டிருந்தன என்பதற்கு அதுவே சான்று. கோவையில் 1923-இல் தொடங்கிய சிறுதானிய ஆராய்ச்சியில் ரங்கசாமி அய்யங்கார் அந்த வேறுபாடுகளை ஒவ்வொன்றாக, தண்டுச் சாறு, உமி நிறம், மணி நிறம், நரம்பு நிறம் என்று பிரித்து, எது எப்படிப் பரம்பரையாக இறங்குகிறது என்று எழுதி வைத்தார்.

அந்த வேறுபாடுகள் அழகுக்கு இல்லை. தலைவிரிச்சான் சோளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெயருக்கேற்ற மாதிரிக் கதிர் விரிந்து தொங்கும். மழை பெய்தால் நீர் தங்காது, காற்று உள்ளே ஓடிக் காய்ந்துவிடும். கதிர்ப்புழுவுக்கு ஒளிய இடம் இல்லை. உருண்டு இறுகிய கதிர் எடைக்கு நல்லது, ஆனால் ஐப்பசியில் நாலு நாள் அடைமழை பிடித்தால் உள்ளுக்குள் ஈரம் நின்று பூசணம் பிடிக்கும். இருங்கு சோளத்தில் கறுத்த உமி மணியை இறுகப் போர்த்தியிருக்கும். அடித்துப் பிரிப்பது பெரும்பாடு, அதனால்தான் வியாபாரிக்குப் பிடிக்காது. பூசணத்துக்கும் பூச்சிக்கும் அதே போர்வை தடை. செஞ்சோளத்தின் துவர்ப்பு நாக்குக்கு ஆகாது, குருவிக்கும் ஆகாது. சந்தை வெள்ளை மணியையும் எளிதில் உதிரும் கதிரையும் கேட்டது. அதைக் கொடுக்கக் கொடுக்க, கூடவே போனது என்ன என்பது கணக்கில் ஏறவில்லை.

இந்திய அளவில் பெரிய திருப்பம் 1964. அந்த வருடம்தான் சி.எஸ்.எச்.1 என்ற முதல் வீரிய ஒட்டுச் சோளம் வந்தது. தாய் அமெரிக்காவிலிருந்து வந்த கம்பைன் காஃபிர் 60. வீரிய ஒட்டு விதையை வணிக அளவில் எடுக்க, மகரந்தம் உதிர்க்காத தாய்ச்செடி வேண்டும். அந்த ஆண் மலட்டுத்தன்மையை 1954-இல் ஸ்டீபன்ஸும் ஹாலந்தும் டெக்சாஸில் கண்டுபிடித்தார்கள். மைலோ என்ற சோளத்தின் செல்சாறும் காஃபிரின் உட்கருவும் சேர்ந்தால் மகரந்தம் மலடாகிறது. ஏ1 என்று இதைக் குறிப்பார்கள். செல்சாறு தாய்வழியாக மட்டுமே இறங்கும். எனவே அதற்குப் பிறகு உலகம் முழுதும் விற்கப்பட்ட வீரிய ஒட்டுச் சோளங்களில் மிகப் பெரும்பாலானவை, கம்பெனி எதுவானாலும் நிறம் எதுவானாலும், அந்த ஒரே மைலோ தாய்வழி.

இதன் ஆபத்து ஊகம் இல்லை. மக்காச்சோளத்தில் நடந்து முடிந்த சங்கதி. அமெரிக்க மக்காச்சோள வீரிய ஒட்டுகளில் பெரும்பகுதி 1970 வாக்கில் 'டெக்சாஸ்' செல்சாறு என்ற ஒரே மலட்டுத் தாய்வழியில் நின்றது. இலைக் கருகல் பூசணத்தின் ஒரு புது வார்ப்பு அந்தச் செல்சாற்றை மட்டும் குறிவைத்துத் தாக்கியது. ஒரே பருவத்தில் நாட்டின் மக்காச்சோள விளைச்சலில் சுமார் 15 சதவீதம் போனது. இழப்பு 100 கோடி டாலர் அளவில். சோளத்தின் ஏ1-க்கு அப்படி ஒரு நோய் இதுவரை வரவில்லை. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: ஏ1 செல்சாறுள்ள தாய்வரிசைகளைக் குருத்து ஈ, அதே உட்கரு கொண்ட சாதாரண வரிசைகளைவிட அதிகமாகத் தாக்குகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதாவது செல்சாறு பூச்சி விஷயத்தில் நடுநிலை வகிக்கவில்லை.

தந்தைவழியும் அகலமாக இல்லை. சி.எஸ்.எச்.5, சி.எஸ்.எச்.6, சி.எஸ்.எச்.9 என்று 1970-களிலும் 80-களிலும் இந்தியச் சோளக்காட்டை ஆண்ட மூன்றுக்கும் தந்தை சி.எஸ்.3541 என்ற ஒரே வரிசை. பையில் மூன்று பெயர், காட்டில் ஒரே அப்பன்.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஹெக்டேருக்கு 500 கிலோ அளவில் கிடந்த சராசரி விளைச்சலை ஏறத்தாழ இருமடங்காக்கியதில் இந்த ஒட்டுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. பழைய நாட்டு இரகம் எல்லாம் தங்கம் என்று பேசுவோர் ஒரு பருவமாவது அதை விதைத்துக் கடன் அடைத்துப் பார்க்கட்டும். பிரச்சினை ஒட்டு வந்ததில் இல்லை. எந்தக் குணங்களைக் கழற்றி வைத்துவிட்டு வந்தது என்பதில் இருக்கிறது.

கழற்றி வைத்ததில் முக்கியமானது நாள் உணர்வு. பழைய மானாவாரிச் சோளம் பகல் நீளத்தைப் பார்த்துப் பூக்கும். ஆனியில் விதைத்தாலும் ஆடியில் விதைத்தாலும், பகல் குறுகும் காலம் வந்தால்தான் கதிர் வாங்கும். மழை ஓய்ந்து வெயில் அடிக்கையில் மணி முற்றும். விஞ்ஞானிகள் இதைக் குறையாகப் பார்த்தார்கள்: நாலரை ஐந்து மாதப் பயிர், உயரமான தண்டு, எல்லா இடத்துக்கும் ஒரே தேதி பொருந்தாது. புது ஒட்டுகளில் இந்த உணர்வை நீக்கினார்கள். 100, 110 நாளில் முடிந்துவிடும். தக்காணத்தில் ஜூனில் விதைத்தால் செப்டம்பர் மழையில் கதிர் முற்றியது. கதிரில் பூசணம் ஏறி மணி கறுத்தது. கறுத்த சோளத்தை வீட்டில் சமைக்க முடியாது. கோழித் தீவன ஆலையும் சாராய ஆலையும் அடிமாட்டு விலைக்கு எடுத்தன. விளைச்சல் கூடியும் வருமானம் கூடாத விவசாயி சோயாவுக்கும் மக்காச்சோளத்துக்கும் போனார். 1960-களில் நாட்டில் 1 கோடியே 80 லட்சம் ஹெக்டேர் அளவில் இருந்த சோளம் இப்போது 40 லட்சம் அளவில் நிற்கிறது. அரிசி, கோதுமைக்குக் கொடுத்த சலுகைகளே முதல் காரணம். ஆனால் கறுத்த மணியின் பங்கைக் குறைத்து எண்ணக்கூடாது.

அப்படிப் போனவர்கள் பத்திரமான இடத்துக்கும் போகவில்லை. 2018-இல் கர்நாடகத்தில் முதலில் தென்பட்ட அமெரிக்கப் படைப்புழு அதே வருடம் பெரம்பலூர், அரியலூர் மக்காச்சோளக் காடுகளைச் சல்லடையாக்கியது.

கழற்றி வைத்த இன்னொன்று தட்டு. சோளத்தை மணிக்காக மட்டும் எடைபோட்டவர்கள் செய்த பிழை இது. குட்டை ஒட்டு எருவுக்கு நன்றாக எழும்பும், சாயாது, எந்திரத்தில் அறுக்கலாம்; தட்டு மட்டும் கொஞ்சம், அதுவும் முரடு. மாடு வைத்திருப்பவருக்கு அது பாதிப் பயிர்தான். தக்காணத்தில் தட்டின் விலை மணியின் விலையை நெருங்கிக்கொண்டே வந்தது. வறட்சி வருடங்களில் தட்டுக்காக மட்டுமே சோளம் விதைத்தவர்கள் உண்டு. ஐதராபாத் தட்டுச் சந்தையில் இக்ரிசாட் (வறண்ட வெப்பமண்டலப் பயிர்களுக்கான பன்னாட்டு ஆராய்ச்சி நிலையம்) வளாகத்து ஆய்வாளர்கள் செய்த ஆய்வு ஒன்று 2006-இல் வந்தது. எருமைக்காரர்கள் எந்தத் தட்டுக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று பார்த்தார்கள். பிறகு அதே தட்டுகளை ஆய்வுக்கூடத்தில் செரிமானச் சோதனைக்குக் கொடுத்தார்கள். செரிக்கும் பங்கு 47 சதவீதத்திலிருந்து 52-க்குப் போகும்போது விலை கால் பங்குக்கும் மேல் ஏறியிருந்தது. ஆய்வுக்கூடம் பார்க்காத பால்காரர், தட்டை ஒடித்து, மென்று, இலையின் பச்சையைப் பார்த்துச் சொன்ன விலையும் ஆய்வுக்கூடம் சொன்ன தரமும் ஒன்றாகவே நின்றன. அந்த 5 புள்ளி வேறுபாட்டை மட்டும் பெரும்பாலான இரகச் சோதனைகளில் அளக்கவேயில்லை. மணி எடை அளந்தார்கள், தட்டு எடை அளந்தார்கள். அளக்காத குணம் தேர்வில் தானாகவே உதிர்ந்துவிடும்.

தட்டின் தரத்தைக் காக்கும் குணம் ஒன்று, வறட்சியிலும் இலை காயாமல் பச்சையாக நிற்பது. உலகப் பயிர்ப்பெருக்க நிலையங்கள் பெரும்பாலும் இதற்காக நாடுவது பி35 என்ற வரிசையை. அதன் வேர் எத்தியோப்பிய விவசாயிகள் வளர்த்த ஒரே ஒரு நாட்டுச் சோளம், ஐ.எஸ்.12555. அசுவினிக்கு ஒரு கிழக்கு ஆப்பிரிக்க வடிவம், வறட்சிப் பச்சைக்கு ஒரு எத்தியோப்பியச் சோளம் என்று முழு உலகமும் ஒற்றை நூலில் தொங்குவது இப்போது பழகிப்போன விஷயம்.

தீவனச் சோளத்தில் இன்னொரு ஆபத்தும் இரகத்துக்கு இரகம் மாறும்: நஞ்சு. இளஞ்சோளத்தில் துரின் என்ற பொருள் உண்டு. மாடு மென்றதும் அது உடைந்து ஹைட்ரோ சயனிக் அமிலமாகிறது. மழை தவறி வாடிய பயிரிலும், வெட்டியபின் அடித்தூரில் துளிர்க்கும் குருத்திலும் இது உச்சத்தில் இருக்கும். வயிறார மேய்ந்த மாடு சிறிது நேரத்தில் மூச்சு வாங்கித் தள்ளாடி விழும். கால்நடை மருத்துவர் சோடியம் நைட்ரைட்டும் தயோசல்பேட்டும் ஏற்றும் முன்பே பல முடிந்துவிடும். பூ எடுக்கும்வரை வெட்டாதே என்ற ஊர் வழக்கம் அனுபவத்தில் வந்தது. இந்த நஞ்சின் அளவு சோளத்துக்குச் சோளம் பெரிதும் வேறுபடும். குறைந்த நஞ்சுள்ள வகைகளைத் தேடவும் கலக்கவும் வகைகள் இருந்தால்தானே முடியும்? மழை தவறும் வருடங்கள் கூடும்போது இந்தக் கேள்வி நேரே மாட்டுக் கொட்டகைக்கு வரும்.

குளிர்காலச் சோளத்துக்கு வேறு முகம். மகாராஷ்டிரம், வடகர்நாடகத்தில் மழை முடிந்து, மண்ணில் தங்கிய ஈரத்தை மட்டும் நம்பி விதைக்கிறார்கள். அங்கே இன்றும் ராஜா மால்தண்டி எம்.35-1. சோலாப்பூர் மாவட்டத்து மோகோலில் உள்ளூர்ச் சோளத்திலிருந்து 1930-களில் தேர்ந்தெடுத்தது. தொண்ணூறு வருடம் ஆகப்போகிறது. ரொட்டிக்கும் தட்டுக்கும் அதைத் தோற்கடிக்க ஆள் வரவில்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். நான் அதைக் கவலையாகவே படிக்கிறேன். மழைக்காலப் பயிர் சுருங்கியபின் நாட்டின் சோளப் பரப்பில் பாதிக்கு மேல் இந்தக் குளிர்காலப் பயிர்தான். அதில் ஒரு தேர்வு இத்தனை காலம் கோலோச்சுகிறது; பின்னால் வந்த பல இரகங்களின் வம்சாவளியிலும் அதுவே நிற்கிறது.

"விதை எங்கே போய்விட்டது? பட்டாஞ்சேருவில் இருக்கிறதே" என்று கேட்பார்கள். இருக்கிறது. ஐதராபாத் அருகே பட்டாஞ்சேருவில் உள்ள இக்ரிசாட் மரபணு வங்கியில் 90-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்த 40,000-க்கும் அதிகமான சோள மாதிரிகள் உள்ளன. அன்றாடப் பயன்பாட்டுக்கு 4 டிகிரி அறை, நெடுங்காலத்துக்கு மைனஸ் 20 டிகிரி அறை. அத்தனையையும் சோதிக்க யாராலும் முடியாது என்பதால், முழுத் தொகுப்பின் வேறுபாட்டைப் பிரதிநிதிக்கும்படி 242 மாதிரிகளைப் பொறுக்கிச் சிறு தொகுப்பு ஒன்றை 2009-இல் அமைத்தார்கள். அந்த 242-ஐயும் அடிச்சாம்பல் நோய்க்குக் காட்டிச் சோதித்ததில் தாங்கியவை 6. கதிர்ப்பூசணத்துக்குத் தாங்கியவை 50. இதில் கவனிக்க வேண்டியது அந்த ஆறு. பல நாட்டிலிருந்து பார்த்துப் பொறுக்கிய தொகுப்பிலேயே நாற்பதுக்கு ஒன்றுதான் தேறுகிறது என்றால், ஒரு மாவட்டத்தில் விதைக்கும் நாலைந்து இரகத்தில் ஒன்றாவது தேறும் என்று நம்பிப் படுப்பது எப்படி?

வங்கியில் இருப்பது நிலத்தில் இருப்பதாகாது. ஒரு மாதிரியின் முளைப்புத்திறன் குறைந்தால் அதை வெளியே எடுத்து விதைத்துப் புதுப்பிக்க வேண்டும். சோளம் பெரும்பாலும் தன் மகரந்தத்தையே ஏற்கும். ஆனாலும் அயல் மகரந்தம் கொஞ்சம் கலக்கும், விரிந்த கதிரில் இன்னும் அதிகம். அதனால் பூக்கும் முன்பே ஒவ்வொரு கதிருக்கும் காகிதப் பை மாட்டி, பூத்து முடிந்ததும் கழற்றி, செடிக்குச் செடி குறித்துவைத்து, கதிர் கதிராக அறுத்துச் சேர்க்க வேண்டும். இதற்கு ஆள் வேண்டும், வருடா வருடம் பணம் வேண்டும். அதைவிடப் பெரிய குறை வேறு. உறைந்த விதை எதையும் கற்பதில்லை. 1975-இல் கரிசலில் சேகரித்த சோளத்துக்கு 1975 வரையிலான பூச்சிதான் தெரியும். விவசாயி கையில் வருடாவருடம் விதைத்து, தேர்ந்து, பக்கத்துக் காட்டுச் சோளத்தோடு சற்றே கலந்து வந்திருந்தால் அது இந்த ஐம்பது வருடத்து வெயிலையும் நோயையும் சேர்த்துப் பழகியிருக்கும்.

வங்கிகளும் சாகாவரம் பெற்றவை அல்ல. சோளம் பிறந்த சூடானிலேயே இது நடந்தது. அந்த நாட்டின் மரபணு வங்கி வாத் மதனி என்ற ஊரில் இருந்தது. உள்நாட்டுப் போரில் 2023 டிசம்பரில் அந்த ஊர் ஆயுதக் குழுவிடம் விழுந்தது, வங்கி சூறையாடப்பட்டது. அங்கிருந்தவர்கள் மீட்க முடிந்ததை மீட்டார்கள். 2025 பிப்ரவரியில் நார்வேயின் ஸ்வால்பார்ட் பனிக்கிடங்குக்குச் சூடானிலிருந்து போய்ச் சேர்ந்த பெட்டிகளில் சோள விதையும் இருந்தது.

2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. சோள பிஸ்கட், சோள தோசை மாவு, நகரத்துக் கடை அலமாரி. கெடுதல் இல்லை. ஆனால் ஆலைக்கு வேண்டியது ஒரே அளவு, ஒரே வெள்ளை, ஒரே மாவுத்தன்மை. சந்தை பெருகினால் வகை பெருகும் என்று ஒரு கணக்கு ஓடுகிறது. நெல்லுக்கும் கோதுமைக்கும் சந்தை பெருகியபோது நடந்தது அதற்கு நேர் எதிர்.

மாற்று இல்லாமலும் இல்லை. ஏ1-ஐத் தவிர ஏ2, ஏ3, ஏ4 என்று வேறு மலட்டுச் செல்சாறுகள் பல வருடங்களாகத் தெரிந்தவை. சீனாவின் ஷான்சி மாகாணத்தார் ஏ2-இல் ஜின்ஸா 12 என்ற ஒட்டை எடுத்து வெளியே விட்டுப் பெரிய பரப்பில் விதைத்தும் காட்டினார்கள். இங்கே அது ஆய்வுத் தாளைத் தாண்டி அதிகம் நகரவில்லை. ஏ1-க்குப் பொருந்தும் தந்தைகள் எல்லாம் ஏ2-க்குப் பொருந்தாது. தந்தைகளை முதலிலிருந்து தேட வேண்டும். அந்தச் செலவை, நோய் வராத வருடத்தில் எந்தக் கம்பெனியும் விரும்பி ஏற்காது. இதைச் சந்தை செய்யும் என்று காத்திருப்பதில் பொருளில்லை; அரசுப் பணத்தில் அரசு நிலையம் செய்ய வேண்டிய வேலை. நாட்டுச் சோளத்தை விதைத்துக் காப்பவருக்கு ஏக்கர் கணக்கில் ஊக்கத்தொகை கொடுப்பதும் அப்படித்தான். இரகச் சோதனையில் தட்டின் செரிமானத்தைக் கட்டாயமாக்குவது இந்த மூன்றிலும் மலிவானது. அதற்குரிய கருவியும் முறையும் நாட்டில் இருக்கின்றன.

இவற்றுக்கெல்லாம் முன்னால் செய்யக்கூடிய ஒன்று விதைப்பையில் இருக்கிறது. சான்று பெற்ற சோள விதைப்பையில் நீலச் சீட்டு தைத்திருக்கும். முளைப்புத்திறன் குறைந்தது 75 சதவீதம், புறத்தூய்மை 98 சதவீதம் என்ற தரத்துக்கு உட்பட்ட விதை. சீட்டில் இரகத்தின் பெயர், குவியல் எண், சோதித்த தேதி எல்லாம் காணலாம். தாய் எது, தந்தை எது, செல்சாறு எது என்பது இருக்காது. சான்றளிப்பவரிடம் அந்த விவரம் உண்டு. பெற்றோர் வரிசைகளைக் காட்டில் பார்க்காமல் வீரிய ஒட்டு விதைக்குச் சான்று தர முடியாது. ஒரு வட்டாரத்தில் விற்கும் ஐந்து பெயரும் ஒரே தாய்வழியா, இரண்டு தீவன இரகமும் ஒன்றின் மறுபதிப்பா என்று வாங்குபவருக்குச் சொல்ல அச்சுக்கூலிதான் செலவு. தனியார் கம்பெனிகள் தாமே சீட்டு ஒட்டி விற்கும் விதையில் அதையும் எதிர்பார்க்க முடியாது. அங்கே பெற்றோர் வழி வணிக இரகசியம்.